'சூப்பர்டா'ன்னா அவன் எதைத் திருத்துவான்?

என் அக்கா பையன் ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கி, தனியாளா ஒரு ஆர்கேட் கேம் செய்யறான். மேலிருந்து மாங்காய் விழும், கூடையை நகர்த்திப் பிடிக்கணும், மூணு தவறினா ஆட்டம் குளோஸ். கிருஷ்ணகிரிக்காரன் வேற என்ன கேம் செய்வான்! விளையாடிட்டு 'சூப்பர்டா'ன்னேன். "மாமா, இத வெச்சு நான் எதைத் திருத்துறது?"ன்னு கேட்டான். பழையபேட்டையில செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். 'போன் சரியில்லண்ணா'ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கிறவங்க மேல எனக்கு வர்ற அதே கடுப்பு அவன் குரல்ல.

அதனால ஒருத்தர் செஞ்சுக்கிட்டிருக்கிற கேமை நீங்க டெஸ்ட் பண்ண உட்காரும்போது, கேமைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன் ரெக்கார்டரைப் போட்டுடுங்க. புரியாம முழிக்கிற அந்த முதல் ஆட்டம் ஒரு தடவைதான் கிடைக்கும். செஞ்சவன்கிட்ட வழி கேட்டுட்டா அதுவும் போச்சு. கூடையை இழுக்கணும்னு தெரியாம நான் அரை நிமிஷம் தட்டிக்கிட்டே இருந்தேன். வெக்கப்பட்டு அதைச் சொல்லாம விட்டது என் தப்பு.

ஆடிட்டு அவங்களுக்கு எழுதும்போது எங்க, என்ன செஞ்சீங்க, என்ன எதிர்பார்த்தீங்க, என்ன நடந்தது, எத்தனை தடவைன்னு எழுதுங்க. 'கூடை சரியில்ல'ன்னா ஒண்ணும் புரியாது. ரெண்டாவது தடவை நான் எழுதினது: '1,200 பாயிண்ட் தாண்டினதும் கிளிமூக்கு மாங்காயோட மூக்கு கூடைக்குள்ள பட்டுது. பிடிச்சாச்சுன்னு நினைச்சேன், தவறினதா கணக்காச்சு. 10 ஆட்டத்துல 4 தடவை.' தப்பு எங்கன்னு அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டான். எல்லா மாங்காய்க்கும் ஒரே வட்டத்தை ஹிட்பாக்ஸா, அதாவது பட்டுதா இல்லையான்னு கேம் கணக்குப் பார்க்கிற எல்லையா, வெச்சிருந்தான். நீட்டிக்கிட்டிருக்கிற மூக்கு அதுக்கு வெளியே இருந்திருக்கு.

போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், சார்ஜ்ல போட்டு ஆடினீங்களா, இதையும் எழுதுங்க. மே மாச வெயில்ல சார்ஜ் போட்டபடி ஆடினா, சூடு தாங்காம பிராசஸரே வேகத்தைக் குறைச்சுக்கும். செகண்டுக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், காட்டி ஓடுற கேம்னா ஒரு ஃபிரேமுக்கு 17 மில்லிசெகண்ட்கூட முழுசா இல்ல. கொஞ்சம் பிந்தினாலும் திக்கும். சத்தம் பிந்தி வந்தா புளூடூத் இயர்போனைக் கழட்டிட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்க. பாதி நேரம் குத்தம் அதுலதான்.

'இப்படி மாத்து'ன்னு வைத்தியம் சொல்ற ஆசையை மட்டும் அடக்குங்க. 1978-ல டைட்டோங்கிற ஜப்பான் கம்பெனி விட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம்ல, சுடச் சுட எதிரிங்க குறையக் குறைய மிச்சம் இருக்கிறவங்க வேகம் கூடும். ஸ்கிரீன்ல வரைய வேண்டிய எதிரிங்க குறைஞ்சதால பிராசஸர் வேலையை வேகமா முடிச்சதுதான் காரணம். அதை உருவாக்கின நிஷிகாடோ வேணும்னே அப்படியே விட்டுட்டார். குத்தம்னு தோணுறதே கேமோட ருசியா இருக்கலாம், அதனால 'வேகத்தைக் குறை'ன்னு எழுதாதீங்க. வேகம் கூடினப்போ கை பரபரத்துதா, எரிச்சல் வந்துதான்னு எழுதுங்க.

சலிப்பையும் மறைக்கக் கூடாது. என் பொண்ணு மூணாவது ஆட்டத்துல போனைக் கீழே வெச்சுட்டு டிவி பக்கம் திரும்பிட்டா. அதை நேரத்தோட எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் பையன் போன் எடுக்கல. மூணாவது நாள் கேமோட புது பில்டு, அதாவது திருத்தின பதிப்பு, வந்துது, அவளுக்குன்னு சொல்லி.