நேரசூசியைச் சோல்வரிடம் கொடுக்கும்போது விடும் தவறுகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 வகுப்பு, 30 ஆசிரியர், ஒரு நாளைக்கு 40 நிமிடப் பாடவேளை 8, கிழமைக்கு 40. அட்டையில் பென்சிலால் எழுதி அழித்து நாட்கணக்கில் மாரடிக்கும் இந்த வேலையை, நிபந்தனைகளைச் சொல்லிவிட்டு விடையைக் கணினியையே தேடவைக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் புரோகிராமிங் தெரிந்தால் சாதாரண மடிக்கணினியிலேயே முடிக்கலாம். அப்படித் தேடும் மென்பொருள்தான் சோல்வர். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சீபி-சாட் என்ற சோல்வர் இலவசம், பைத்தனில் எழுதலாம். ஆனாலும் ‘இரவெல்லாம் ஓடியும் விடை வரவில்லை’ என்று பலர் கைவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை கணினியில் இல்லை, கணக்கைச் சொன்ன விதத்தில் இருக்கிறது.

முதல் பிழை, தேவையில்லாத மாறிகள். வகுப்பு, பாடவேளை, ஆசிரியர், அறை என நான்கையும் பெருக்கி ஆம்–இல்லை மாறி (சோல்வர் 1 அல்லது 0 என்று நிரப்பவேண்டிய இடம்) போட்டால், அறை 15 என்றாலே 20 × 40 × 30 × 15 = 3,60,000 வரும். நம் பாடசாலைகளில் வகுப்பு தன் அறையிலேயே இருக்கும், ஆசிரியர்தான் நடப்பார். எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தை யார் எடுப்பது என்பதும் தவணைக்கு முன்பே முடிவாகிவிடும். அப்படியானால் வகுப்பு, பாடம், பாடவேளை மூன்றே போதும். வகுப்புக்கு 10 பாடம் என்றால் 8,000 மாறி. ஆய்வுகூடத்துக்கும் கணினி அறைக்கும் மட்டும் ‘ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு’ என்று தனியாக எழுதுங்கள்.

இதோடு சேர்ந்து வருவது சமச்சீர்ப் பிரச்சினை, அதாவது ஒரே விடை பல உருவில் வருவது. கணிதத்தின் ஐந்து பாடவேளைகளுக்கும் க1, க2 என்று பெயர் வைத்தால், ஒரே நேரசூசி 120 விதமாகத் தெரியும். இரண்டு பாடத்துக்கு அப்படிச் செய்தால் 14,400. சோல்வர் ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தேடும். பெயர் வைக்காமல் ‘கணித மாறிகளின் கூட்டுத்தொகை 5’ என்று எழுதுங்கள். பெயர் வைத்தே ஆகவேண்டும் என்றால் க1 க2-க்கு முன்னால், க2 க3-க்கு முன்னால் என்று வரிசையைக் கட்டுங்கள்.

நிபந்தனைகளைச் சோடி சோடியாக எழுதுவதும் அப்படித்தான். மூன்று பாடங்கள் வெவ்வேறு நேரத்தில் வரவேண்டும். முதல் இரண்டும் 1 அல்லது 2-இல்தான் வரமுடியும். மூன்றாவதுக்கு 1, 2, 3 எல்லாம் திறந்திருக்கிறது. மூன்றாவது 3-இல்தான் வரும் என்று நமக்குப் பார்த்தவுடனே தெரியும். மூன்றையும் அ, ஆ, இ என்று வைத்து, ‘அ, ஆ சமமில்லை, ஆ, இ சமமில்லை, அ, இ சமமில்லை’ என்று தனித்தனியாக எழுதினால் சோல்வருக்கு அது தெரியாது, முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். ‘எல்லாம் வேறுபட்டவை’ என்ற ஒரே முழு நிபந்தனை இந்த மாதிரி நியாயத்துக்காகவே இருக்கிறது. இதற்கான வடிகட்டல் முறையை, அதாவது வரவே முடியாத நேரங்களை முன்கூட்டியே நீக்கும் முறையை, ஆய்வாளர் ழான்-ஷார்ல் ரெஜான் 1994-இல் வெளியிட்டார். ஆம்–இல்லை மாறிகள் என்றால் ‘அதிகபட்சம் ஒன்று’, ‘சரியாக ஒன்று’ நிபந்தனைகளைப் பயன்படுத்துங்கள்.

இரட்டைப் பாடவேளையில் கவனம். கிழமையை 1 முதல் 40 வரை ஒரே ஓட்டமாக எண்ணினால், திங்கள் எட்டாவதில் தொடங்கிய விஞ்ஞானச் செய்முறை செவ்வாய் முதலாவதில் முடியும்! இடைவேளை நான்காவதுக்குப் பின் என்றால், நாளில் 1, 2, 3, 5, 6, 7 மட்டுமே தொடக்கமாகலாம். கிழமைக்கு 30 இடம். தரம் 10, 11-இன் தொகுதிப் பாடங்களையும் தனிப் பாடமாக எழுதாதீர்கள். சித்திரம், சங்கீதம், நடனம் எடுக்கும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பிரிந்து போவதால், தொகுதிக்கு ஒரே மாறி வைத்து அதில் வரும் எல்லா ஆசிரியரையும் அந்த நேரத்துக்குக் கட்டிவிடவேண்டும்.

தேயிலை பெக்டரிக்கு அட்டவணை போடுபவர்கள் விடும் பிழை வேறு. ‘ரோலருக்குப் பிறகு உலர்த்தி’ என்று மட்டும் எழுதினால் சோல்வர் இடையில் ஐந்து மணிநேரம் விட்டாலும் அதன் கணக்கில் சரி. ஆனால் ரோலரில் இலை நசுங்கத் தொடங்கியதுமே நொதித்தலும் தொடங்கிவிடுகிறது, கொழுந்து காத்திருக்காது. ‘இதற்குப் பின்’ என்பதோடு ‘இத்தனை நிமிடத்துக்குள்’ என்பதையும் எழுதவேண்டும். சீபி-சாட் முழு எண்ணை மட்டுமே ஏற்கும் என்பதால் ஒன்றரை மணியை 90 நிமிடமாகக் கொடுங்கள்.

மிக அதிகமாக நேரத்தைத் தின்னும் தவறு, எல்லாவற்றையும் கட்டாயமாக்குவது. ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பில் நிற்கமுடியாது, அது கட்டாயம். நாவலப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு முதலாம் பாடவேளை வேண்டாம் என்பது விருப்பம். மீறினால் புள்ளி குறையட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ‘சாத்தியமில்லை’ என்று மட்டும் வரும், எதனால் என்று வராது. அதற்கு முன் கையாலேயே கூட்டிப் பாருங்கள். 9 வகுப்புக்கு 5 கணிதம் என்றால் 45. ஒரே கணித ஆசிரியர்தான் இருக்கிறார் என்றால் 40-க்கு மேல் எந்த மென்பொருளாலும் போகமுடியாது. தோட்டப்புறத்தில் இது அடிக்கடி நடக்கும். அந்தக் கணக்கைக் கல்வி வலயத்துக்கு எழுதும் கடிதத்தோடு இணைக்கவேண்டும். அது ஆசிரியர் கேட்பதற்கான ஆதாரம். கூட்டல் சரியாக இருந்தும் சாத்தியமில்லை என்று வந்தால், ஒவ்வொரு நிபந்தனைக் கூட்டத்துக்கும் ஒரு சுவிட்ச் மாறி வைத்து, அணைத்து அணைத்துப் பாருங்கள்.

‘தெரியவில்லை’ என்ற விடை ‘சாத்தியமில்லை’ ஆகாது. கொடுத்த நேரத்துக்குள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். மறுபக்கம், மிகச் சிறந்தது என்று நிரூபணமாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 10 நிமிட எல்லை வைத்து, சோல்வர் ஓடும்போது எழுதும் பதிவைத் திறந்துவைத்து, கிடைத்த விடைக்கும், இதைவிடச் சிறந்தது இருக்கமுடியாது என்று சோல்வர் கணித்த எல்லைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

தவணை நடுவில் ஒருவர் இடமாற்றம் ஆனால் வெறுமனே மறுபடி ஓட்டாதீர்கள். முழு நேரசூசியும் கலைந்துவிடும். பழைய விடையைச் சோல்வருக்கு ஒரு குறிப்பாக (ஹின்ட்) கொடுத்தாலும் போதாது. குறிப்பு தேடலுக்கு வழி காட்டுமே தவிர யாரையும் பழைய இடத்தில் நிறுத்தாது. இடம் மாறும் பாடவேளைகளை எண்ணி, அந்த எண்ணிக்கை குறைவதையே இலக்காக வையுங்கள்.