பழைய புல்லட் பெட்ரோல் குடிக்கிறது, கிக்கும் எடுக்கவில்லை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

இது வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 வைத்திருப்பவர்களுக்கு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி.; பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சின்னத் தொடுமுனைகளால் ஸ்பார்க் வரவழைப்பது), மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டர், ஹெட்லைட் கூட்டில் ஆம்பியர் மீட்டர். திருவொற்றியூரில் செய்த பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பிறகு வந்த யூசிஇ இன்ஜினுக்கு (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) பாயிண்டும் கிடையாது, டேப்பெட் செட்டிங்கும் (வால்வு இடைவெளி வைப்பது) கிடையாது. அந்த வண்டிக்காரர்கள் பிரேக், காற்றுக் கசிவு பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

மைலேஜ் மட்டும் குறைந்தால் காரணம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஸ்டார்ட்டிங் மட்டும் தகராறு என்றாலும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து வந்தால் நமக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நாலைந்துதான். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் டேப்பெட், அப்புறம் பாயிண்ட், டைமிங், காற்றுக் கசிவு, கடைசியில்தான் கார்புரேட்டர். பட்டறைக்குப் போனால் வண்டியை நிறுத்துவதற்குள் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பாயிண்ட் சரியில்லாத வண்டியில் கார்புரேட்டரை டியூன் செய்தால், பாயிண்டைச் சரிசெய்த அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

ரிசர்வ் விழுந்ததிலிருந்து அடுத்த ரிசர்வ் வரை கிலோமீட்டர் பார்ப்பது பலர் வழக்கம். அதை நம்பாதீர்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கெல்லாம் ரிசர்வ் மாறும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு டேங்க்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். கிலோமீட்டரை மொபைலில் ஜிபிஎஸ் வைத்துச் சரிபாருங்கள். பழைய ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டினாலே பாதி மைலேஜ் காணாமல் போனது போல இருக்கும்.

அப்படியே பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். சர்ரென்று உரசி நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜினைத் திறக்க வேண்டியதே இல்லை. டாப் கியரில் மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகு டூல் பெட்டியை எடுக்கலாம்.

கருவிகள்

ஃபீலர் கேஜ், ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பாயிண்டுக்கான சின்ன ஸ்பானர்கள், மல்டிமீட்டர். இதற்கு மேல் தேவையில்லை. அட்ஜஸ்டபிள் ஸ்பானர் மட்டும் இந்த வண்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. பழைய புல்லட்டில் விட்வொர்த் அளவு நட்டுகள் கலந்து கிடக்கும். அவற்றில் மெட்ரிக் ஸ்பானரைப் போட்டாலே முனை மழுங்கும், அட்ஜஸ்டபிள் போட்டால் கேட்கவே வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ விட்வொர்த் செட் தேடிப் பார்க்கலாம். கார்புரேட்டர் ஸ்க்ரூக்களுக்குத் தலையில் கச்சிதமாக உட்காரும் டிரைவர் வேண்டும். மெல்லிய பித்தளை, மலிவான டிரைவர், இரண்டும் சேர்ந்தால் ஸ்க்ரூவைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

டேப்பெட்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் செய்வது உத்தமம். பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள். டேப்பெட் கவரைத் திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் அடி தெரியும். விரலால் சுழற்றினால் இரண்டும் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. இவ்வளவுதான் செட்டிங். சுழல மறுத்தால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். கம்ப்ரஷன் போகும், கிக் லேசாக இறங்கும், வண்டி எடுக்காது.

இதில் ஒரு சங்கதி. எக்ஸாஸ்ட் டேப்பெட்டைத் தொடுவதற்கு முன்னால் டிகம்ப்ரசர் (கிக் லேசாக இறங்க எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும் லீவர்) கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் அதுவே எக்ஸாஸ்ட் வால்வை இம்மி தூக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் எத்தனை தடவை செட் செய்தாலும் அளவு பொய்தான்.

பாயிண்ட்

வலது பக்கக் கவரைக் கழற்றினால் பாயிண்ட். இடைவெளி அதிகமாகத் திறக்கும் இடத்தில் 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் இடைவெளி 0.45 முதல் 0.50 மி.மீ.

மைலேஜும் ஸ்டார்ட்டிங்கும் ஏன் சேர்ந்தே கெடுகின்றன என்பதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது. பாயிண்டின் ஃபைபர் குதி கேமில் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் திறப்பது தாமதமாகும், ஸ்பார்க் பிந்தி வரும். பிந்திய ஸ்பார்க்கில் இழுவை குறையும், நாம் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் திறப்போம். இது மெல்ல மெல்ல நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பங்க்கில் பர்ஸுக்குத்தான் தெரியும். கேமுக்கு ஒரு துளி கிரீஸ் வைத்தால் தேய்மானம் குறையும். ஒரு துளிதான், அதிகம் வைத்தால் பாயிண்டில் தெறிக்கும்.

எமரி பேப்பரால் பாயிண்டைத் தேய்த்த பிறகு, பெட்ரோல் நனைத்த சுத்தமான காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தெடுங்கள். தூள் ஒட்டியிருந்தால் ஸ்பார்க் வராது. புதுப் பாயிண்டையும் துடைத்துவிட்டே மாட்டுங்கள், துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் அதில் இருக்கும்.

டைமிங்

இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங். மாற்றிச் செய்யக்கூடாது, இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்னால் கொண்டுவரும் எடைகள்) முழுக்கப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தை உருட்டினால் பிஸ்டனை நுணுக்கமாக நகர்த்தலாம்.

பாயிண்ட் திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். ஆம்பியர் மீட்டரே போதும். லைட்டை அணைத்து, சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வந்துவிடும். முள் திரும்புகிற இடம்தான் ஸ்பார்க். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி கிடந்தால் காயில் (ஸ்பார்க்குக்கான மின்சுருள்) சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

அட்வான்ஸ் எடைகளை விரலால் விரித்துவிட்டுப் பாருங்கள், ஸ்பிரிங் தானாகச் சுருங்க வேண்டும். துருவில் விரிந்தபடி ஒட்டிக்கொண்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் போகும். சுருங்கியபடி ஒட்டிக்கொண்டால் இன்ஜின் சூடாகும், மைலேஜ் படுக்கும்.

காற்றுக் கசிவு

கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிந்தால் ஐடிலிங் நிலைக்காமல் ஏறி இறங்கும். ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓட்டம் மாறினால் கசிகிறது. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சோக்: நாளெல்லாம் தின்ற இடம்

இதுவரை சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் என் வண்டியில் பிளக் கரிப்பிடித்தே வந்தது. காலையில் எப்படியோ எடுத்துவிடும்; சூடான வண்டியை டீக்கடையில் நிறுத்தினால் மறுபடி எடுக்காது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கரி குறையவில்லை. ஒரு பட்டறையில் மெயின் ஜெட்டை (வேகத்தில் பெட்ரோல் வரும் துளை) சின்னதாக மாற்றிக்கொடுத்தார்கள். அதன் பிறகு வேகத்தில் இன்ஜின் திணறிச் சூடேறியது, ஐடிலில் மட்டும் அதே கரும்புகை.

இந்த முரண்தான் துப்பு. வேகத்தில் பெட்ரோல் போதவில்லை, ஐடிலில் அதிகம். அப்படியென்றால் ஜெட், நீடில் வழியாக இல்லாமல் வேறு பாதையில் பெட்ரோல் உள்ளே போகிறது.

விஎம் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. அது ஒரு தனிப் பெட்ரோல் பாதை. லீவரைத் தூக்கினால் ஒரு சின்னப் பிளஞ்சர் மேலேறி அந்தப் பாதையைத் திறக்கும். இறக்கினால் பிளஞ்சரின் அடியில் உள்ள ரப்பர் துளையை அடைக்கும். அந்த ரப்பர் காய்ந்து, நடுவில் வட்டமாகத் தழும்பு விழுந்தால், லீவர் கீழே இருந்தாலும் பாதை மூடாது. ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது இன்ஜினின் உறிஞ்சல் அங்கே பலமாக இருப்பதால் ஐடிலிலும் குறைந்த வேகத்திலும்தான் அதிகம் இழுக்கும். குளிரில் இது உதவிகூடச் செய்யும். சூட்டில் பிளக்கை நனைத்துவிடும்.

கண்டுபிடிக்கும் முறை:

1. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் விட்டு சோக்கைத் தூக்குங்கள். நல்ல வண்டி திணறும் அல்லது நின்றுவிடும். எந்த மாற்றமும் இல்லை என்றால் ஒன்று பாதை அடைத்திருக்கிறது, அல்லது ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது.

2. ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்புங்கள். இந்தக் கார்புரேட்டரில் வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருகினால் கலவை கெட்டியாகும். முழுக்க வெளியே வந்தும் ஓட்டத்தில் மாற்றம் இல்லை என்றால் சந்தேகம் உறுதியாகிறது.

3. கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தை எடுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பித்தளைக் குழாயில் சின்ன டியூப் மாட்டி, சோக் மூடிய நிலையில் ஊதுங்கள். காற்று போகக்கூடாது. போனால் குற்றவாளி அகப்பட்டான்.

புதுப் பிளஞ்சர் பெரிய செலவில்லை. மாட்டும்போது லீவர் முழுதாகக் கீழே இறங்குகிறதா, மேலே உள்ள ஸ்பிரிங் பலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரப்பரை வெளியிலிருந்து பார்க்க முடியாது, பிளஞ்சரைக் கழற்றினால்தான் தெரியும். கார்புரேட்டர் சர்வீஸ் என்றால் ஜெட்டை ஊதித் தருவதோடு முடித்துக்கொள்கிறார்கள், அதனால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்குப் பிறகு ஜெட், கிளிப் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளிப் நடுப்பள்ளத்தில். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, சூடான இன்ஜினில் ஐடிலிங் மிக உயரும் இடத்தைத் தேடி அங்கே நிறுத்துங்கள். பிறகு ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டிப் பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் விட்டுவிட்டுப் பார்த்தால் ஐடிலின் கரிதான் தெரியும். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி.

படித்தவர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

சோக் மாற்றியும் சூட்டில் எடுக்கவில்லை என்று ஒருவர் எழுதினார். கண்டென்சரை (பாயிண்டில் பொறி தெறிக்காமல் காப்பது) பாருங்கள் என்றேன், அதுதான். இன்ஜின் ஓடும்போது பாயிண்டில் பளிச்சென்று பெரிய பொறி தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்டும் சீக்கிரம் கருகும். புதியதை இன்ஜின் சூடு படாமல் காயில் பக்கத்தில் மாட்டுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் பேட்டரியில் எவ்வளவு வோல்ட், காயிலில் எவ்வளவு என்று பாருங்கள். 12 வோல்ட்டில் சாவியிலும் ஃபியூஸிலும் அரை வோல்ட் தொலைந்தால் கவலையில்லை. 6 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. சாவி சுவிட்சைச் சுத்தம் செய்தாலே பல வண்டி முதல் உதையில் எடுக்கும்.

இ20 பெட்ரோல் பற்றித்தான் அதிகக் கேள்விகள். எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதில் 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி ஆறேழு சதவீத ஆற்றல் குறையும். ஆகவே 35 கொடுத்த வண்டி 33 கொடுத்தால் எதையும் கழற்றாதீர்கள். 25-க்கு இறங்கினால் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை, மேலே சொன்ன வரிசைக்கு வாருங்கள். ஆனால் பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது என்பது உண்மை. பெட்ரோல் டியூபையும் சோக் பிளஞ்சரையும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிடுங்கள்.