யானை வேலி போட முதல் ஊரைக் கூட்டுங்கள்

யானை வராமல் தடுக்கும் மின்வேலிக்குக் கம்பி வந்து இறங்கிய பிறகு கூட்டம் வைத்துப் பிரயோசனம் இல்லை. யானை எந்தக் குளத்தில் இறங்குகிறது, எந்த வயலால் ஊருக்குள் ஏறுகிறது என்பது சனத்துக்குத்தான் தெரியும், அதைக் கேட்காமல் கந்தோரில் கீறிய கோட்டில் போட்ட வேலியை யானையும் மதிக்காது, ஊரும் பராமரிக்காது.

காலபோக (மழைக்கால நெல்) விதைப்புக்கு முதல், ஆவணி வாக்கில் வையுங்கள். அருவி வெட்டு (அறுவடை) காலத்தில் வைத்தால் வெறும் கதிரைதான். பகலிலேயே முடித்துவிடுங்கள், முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் பொழுதுபட்டால் ஆட்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில்தான் யானையும் நிற்கும்.

கமக்காரர் அமைப்பு மட்டும் போதாது. மாட்டுப்பட்டிக்காரர், தேனுக்குப் போகிறவர்கள், குளத்தில் வலை போடுகிறவர்கள் எல்லோரும் வேண்டும். மாதர் சங்கத்தோடு தனியாக ஒருதரம் கதையுங்கள். நெல் மூட்டை மணத்துக்கு அடுக்களைச் சுவரை யானை தள்ளிய கதை அங்கேதான் விபரமாக வரும்.

வனஜீவராசிகள் திணைக்களம், வனவளத் திணைக்களம், பிரதேச செயலகம் மூன்றையும் கூப்பிடுங்கள், ஆனால் முதல் ஒரு மணித்தியாலம் அதிகாரிகள் கேட்கட்டும்.

பெரிய தாளில் குளம், வயல், வீடு, றோட்டு கீறி, யானைத் தடத்தைச் சனத்தையே போடச் சொல்லுங்கள். தனியனுக்கு (தனியாகத் திரியும் ஆண் யானைக்கு) ஒரு நிறம், கூட்டத்துக்கு ஒரு நிறம். கூட்டமாக வருவது பெண் யானைகளும் குட்டிகளும். பயிரை அழிப்பதில் பெரும்பங்கு ஆண் யானைகளுக்கு. இரண்டுக்கும் ஒரே மருந்து சரிவராது.

"எல்லாத்தையும் பிடிச்சு வேறை காட்டிலை விடுங்கோ" என்று கட்டாயம் ஒருவர் எழும்புவார். கோபம் நியாயம்தான், மறித்துப் பேசாதீர்கள். ஆனால் இலங்கையில் இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டி பூட்டிக் கண்காணித்ததில், இடம் மாற்றிய ஆண் யானைகள் சில திரும்பி வந்தன, சில போன இடத்தில் கரைச்சல் கொடுத்தன என்பதையும் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5,879 யானை. எல்லாவற்றையும் அடைக்கக் காடு இல்லை. மனித-யானை மோதலைக் குறைக்க 2020இல் வந்த தேசியத் திட்டமும் ஊரைச் சுற்றி நிரந்தர வேலி, வயலைச் சுற்றி அறுவடையோடு கழற்றும் பருவகால வேலி என்றுதான் சொல்கிறது.

பிறகுதான் முக்கியமான வேலை. பின்னேரம் வேலிக்குக் கரண்ட் போடுவது யார், கம்பியில் முட்டும் புல்லு, கொடியை வெட்டுவது யார், பற்றரி பழுதானால் காசு எங்கிருந்து? அந்த இடத்திலேயே பெயரோடு எழுதுங்கள். வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொழுவுவது சட்டவிரோதம், முதலில் சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

கூட்டக் குறிப்பை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள்.