பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தம் கொடுப்பது எப்படி?

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பிபி மாத்திரை போட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரத்தம் கொடுக்கப் போவதாக முடிவு செய்ததும், ‘மருந்து கலந்த ரத்தத்தை எதற்கு இன்னொருவர் உடம்பில் ஏற்ற வேண்டும்’ என்று நானாகவே யோசித்து, முதல் நாளும் அன்று காலையும் மாத்திரையைப் போடாமல் போனேன். அங்கே கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் பத்து நிமிடம் உட்காரவைத்தார். மறுபடி பார்த்தார். மேல் அளவு 180-ஐத் தாண்டி நின்றது.

“மாத்திரை போட்டீங்களா சார்?”

“இல்லம்மா, ரத்தம் கொடுக்கப் போறோமேன்னு...”

“போட்டுட்டு வந்திருந்தா எடுத்திருப்போமே” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் பயந்த மாதிரி மருந்து அங்கே பிரச்சினையே இல்லை. சுமார் 450 மி.லி. ரத்தத்தில் இருக்கும் பிபி மருந்தின் அளவு மிகக் குறைவு. அதிலும் சிவப்பணுக்களைத் தனியாகப் பிரிக்கும்போது, மருந்து கரைந்திருக்கும் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியில் பெரும்பாலானது போய்விடுகிறது. மிஞ்சுவதும் நோயாளியின் ரத்தத்தோடு கலந்து நீர்த்துவிடும். ரத்த வங்கிக்காரர்கள் பிபியைப் பார்ப்பது கொடுப்பவரின் பாதுகாப்புக்காகத்தான்.

சரி, வரிசையாகப் போவோம்.

படி 1: மாத்திரை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

அபத்தமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே மாத்திரையைப் பல காரணங்களுக்காக எழுதித் தருவார்கள். மெட்டோப்ரோலாலை பிபிக்கும் தருவார்கள், நெஞ்சுவலிக்கும் தருவார்கள், ஒற்றைத் தலைவலிக்கும் தருவார்கள். உங்களுக்கு பிபி மட்டும்தான், அதுவும் கட்டுக்குள் இருக்கிறது என்றால் அம்லோடிபின், டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை பெரும்பாலும் தடையாக இருக்காது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று பிபியோடு வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் கதை வேறு. பல இடங்களில் ஒரேயடியாக மறுத்துவிடுவார்கள், மறுப்பதுதான் சரி.

கூடவே போடுகிற மற்ற மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அட்டைகளைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பிபி மாத்திரையைவிட இவைதான் அதிகம் மாட்டிவிடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பவை. அதனால் தட்டணு தானத்துக்கு முன் இடைவெளி கேட்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. ப்ராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டூட்டாஸ்டரைடு என்றால் நிறுத்தி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறினால் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதே காரணம். இதையெல்லாம் காட்டத்தான் அந்தப் பட்டியல். இதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: போவதற்கு முன் போன் செய்யுங்கள்

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் மேல் அளவு 180-க்கும் கீழ் அளவு 100-க்கும் குறைவாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. இந்திய விதியில் மேல் அளவு 100 முதல் 140-க்குள், கீழ் அளவு 60 முதல் 90-க்குள் இருக்க வேண்டும். மாத்திரை போட்டும் அந்த அளவில் இருக்கலாம். இங்கிலாந்தில், பிபி மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியோ மாற்றியோ 4 வாரம் ஆகவில்லை என்றால் காத்திருக்கச் சொல்வார்கள். ஆக 150/92 என்று காட்டுகிற ஒருவர் ஒரு நாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார், இன்னொரு நாட்டில் வீட்டுக்குத் திரும்புவார். இரண்டு இடத்திலும் அவர் அதே ஆள்தான்!

போனில் மூன்று கேள்வி போதும்: எந்த அளவு வரை ஏற்பீர்கள், இந்தப் பெயர் மாத்திரை போடுகிறேன் பரவாயில்லையா, டோஸ் மாறி எத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும்.

படி 3: அன்று மாத்திரையைப் போட்டுவிட்டே கிளம்புங்கள்

வழக்கமான நேரம், வழக்கமான அளவு. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது வெறுமனே பிபியை ஏற்றுவதோடு நிற்காது. அட்டினோலால் மாதிரி, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களைத் திடீரென்று விட்டால் இதயம் படபடவென்று அடிக்கும். குளோனிடினை விட்டால் பிபி பழைய அளவையும் தாண்டி எகிறும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

படி 4: அளக்கும்போது ஒழுங்காக உட்காருங்கள்

நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். படியேறி மூச்சு வாங்க வந்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, காலை மடித்து உட்கார்ந்து, நர்ஸிடம் பேசிக்கொண்டே கையை நீட்டுவார்கள். இதில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டும். கடைசி அரை மணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ வேண்டாம். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும், கை நெஞ்சின் மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் இருக்கட்டும். கை கீழே தொங்கினாலும் கூடுதலாகத்தான் காட்டும். சட்டைக் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி மேலே ஏற்றாமல், கையையே வெளியே எடுத்துவிடுங்கள். பட்டை கட்டியபின் வாயைத் திறக்காதீர்கள்.

ஊசியைப் பார்த்த பயத்திலேயே பிபி ஏறுகிற ஆட்களும் உண்டு. முதல் அளவு கூடுதலாக வந்தால் கொஞ்சம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். அப்போதும் குறையவில்லையா, கிளம்பிவிடுங்கள்.

பீட்டா பிளாக்கர் போடுகிறவர்கள் நாடித் துடிப்பையும் கவனிக்க வேண்டும். பல இடங்களில் நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனால் எடுக்கத் தயங்குவார்கள். மாத்திரையால்தான் துடிப்பு குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: ஊசி குத்தியபின்

எடுப்பதற்கு ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஆகும். உடம்பில் இருக்கும் சுமார் 5 லிட்டரில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெளியேறுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அளவு குறைவதை அவை கண்டுபிடித்ததும் இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும், ரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்லும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பிபி மாத்திரை கைவைப்பதும் இதே ஏற்பாட்டில்தான். பீட்டா பிளாக்கர் இதயத்தை வேகம் எடுக்க விடாது. பிரசோசின் போன்றவை குழாயைச் சுருங்க விடாது. சிறுநீரை அதிகம் போகச் செய்யும் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்றவை, உடம்பில் தண்ணீரை ஏற்கெனவே குறைத்து வைத்திருக்கும். ஆகவே தலைசுற்றல் வந்தால் இவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

இதற்கு எளிமையான ஒரு வழி உண்டு. படுத்திருக்கும்போதே தொடையையும் பிட்டத்தையும் ஐந்து நொடி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். மூச்சை அடக்காமல் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கால்களில் தேங்கும் ரத்தம் மேலே வரும். வியர்த்தாலோ, காது அடைத்தாலோ, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள். ‘கொஞ்ச நேரம்தானே, சமாளிப்போம்’ என்கிற வீரம் அங்கே வேண்டாம்.

படி 6: எழுந்திருக்கும்போதும் அன்று முழுக்கவும்

படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்து நிற்காதீர்கள். முதலில் உட்காருங்கள், காலைத் தொங்கவிடுங்கள், ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். பதினைந்து நிமிடமாவது அங்கேயே இருங்கள். மயக்கம் சிலருக்கு வெளியே வந்தபின்கூட வரும். அதனால் உடனே வண்டியை எடுக்காதீர்கள், அன்று கனமான எதையும் தூக்காதீர்கள், வெந்நீரில் நெடுநேரம் குளிக்காதீர்கள். இரவு கழிப்பறைக்கு எழும்போதும் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் பிபி மெஷின் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று மாலை அளந்தால் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டலாம். ‘ஆஹா, ரத்தம் கொடுத்ததும் பிபி சரியாகிவிட்டது’ என்று மறுநாள் மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். வெளியேறிய நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும், அளவும் பழைய இடத்துக்கே வந்துவிடும். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, அளவும் மிகவும் குறைவாக இருக்கிறது என்றால் அடுத்த மாத்திரைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இரண்டாவது முறை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். 134/82. படிவத்தில் மருந்தின் பெயரை எழுதி நீட்டியதும், அதைப் பார்த்துவிட்டு எந்தக் கையில் குத்தட்டும் என்று கேட்டார்கள்.