புளியரைக்கு அப்பால்: செடி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆடிச் சாரலில் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு பஸ் ஏறினால், புளியரை தாண்டி வளைவுகளில் ஏறும்போதே ஜன்னலுக்கு வெளியே காடு மாறத் தொடங்கிவிடும். கிழக்கே உடைமரம், கள்ளி, பனை. மேற்கே சரிவில் இறங்கினால் கொடியும் பாசியும் அப்பிய உயர்ந்த மரங்கள். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலை அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு, மிச்சத்தைச் சாரலாக நமக்கு அனுப்புகிறது. இதைக் காட்டத்தான் ஆண்டுதோறும் மாணவர்களைக் கூட்டிப்போகிறேன். திரும்பி வந்து அவர்கள் எழுதும் ஏட்டில் அதே தவறுகளும் ஆண்டுதோறும் வருகின்றன.

முதலிடம் எப்போதும் இந்த வாக்கியத்துக்குத்தான்: “வறட்சியைச் சமாளிக்கக் கள்ளி தன் இலைகளை முள்ளாக மாற்றிக்கொண்டது.” கள்ளி எதையும் யோசித்து மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே செடியின் விதைகளில் முளைத்தவற்றுள்ளும் சிறு வேறுபாடுகள் உண்டு. நீரைக் குறைவாக இழந்தவை வறண்ட ஆண்டுகளில் பிழைத்து, மற்றவற்றைவிட அதிக விதை விட்டன. எண்ணற்ற தலைமுறைகள் இப்படிக் கழிந்த பிறகு நம் கண்ணில் படுவதுதான் இன்றைய கள்ளி.

சரி, எந்தக் கள்ளி? வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும் (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரித்துவிடும்). பக்கத்திலேயே நிற்கும் நாகதாளி எனும் சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது, வழவழப்பான நீர்தான் கசியும். சதுரக்கள்ளி ஆமணக்கின் குடும்பம். நாகதாளி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த வேறு குடும்பம். நாகதாளியின் முள் உருமாறிய இலை என்பது சரி. சதுரக்கள்ளியின் முள் இரட்டை இரட்டையாக, இலையடிச் செதிலின் (இலைக்காம்பின் அடியில் இருபுறமும் இருக்கும் சிறு உறுப்பு) இடத்தில் நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் நுனித்தண்டை உற்றுப் பாருங்கள்: முட்களுக்கு நடுவே சின்னச் சின்ன இலைகள் தனியாகவே துளிர்த்திருக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். இலையும் முள்ளும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கும்போது, இலை முள்ளானது என்று எப்படி எழுதுவது? உறவில்லாத இரு குடும்பங்கள் வறட்சியில் ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இதுதான் வியப்பு. “கள்ளி” என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால் அந்த வியப்பே காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு குழப்பம். ஒரே மாமரத்தில் உச்சியில் வெயில் படும் இலை சிறுத்துத் தடித்திருக்கும். உள்ளே நிழலில் இருப்பது அகன்று மெலிந்திருக்கும். இது அந்த மரம் தன் வாழ்நாளில் காட்டும் நெகிழ்வு, விதை வழியே அப்படியே இறங்குவதில்லை. தகவமைப்பு என்ற தலைப்பில் தலைமுறைகளாக வந்த மாற்றத்தையும் இந்த நெகிழ்வையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மழையைக் காரணம் காட்டுவதும் வேண்டாம். மழைக்காட்டில் பல மரங்களின் இலைநுனி வால்போல் நீண்டிருக்கும். நீர் சீக்கிரம் வழிந்தோட உதவுகிறது என்பார்கள். ஆனால் நீண்ட வால் கொண்ட அரச இலை நம் வறண்ட ஊர்க் குளக்கரையிலும் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது?

பெயர்களும் தமிழ்நாடு–கேரள எல்லையில் காலை வாரிவிடும். தென்மலை அருகே உள்ள செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் தந்தது செங்குறிஞ்சி. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் சிவப்பு வகை என்று அதை ஒரு மாணவி எழுதியிருந்தாள். செங்குறிஞ்சி மாமரக் குடும்பத்துப் பெருமரம்; நீலக்குறிஞ்சியோ புதர். ‘வாக’ என்று மலையாளி நண்பர் கைகாட்டுவது பெரும்பாலும் செம்பூ பூக்கும் குல்மோகர். நம் வாகை வேறு. உள்ளூர்ப் பெயரை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே அறிவியல் பெயரையும் எழுதுங்கள். இலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: பலாக்கன்றின் இலை பிளவுபட்டிருக்கும், வளர்ந்த மரத்தில் முழு இலை. இரண்டையும் இரு இனமாகக் கணக்கில் சேர்த்தவர்கள் உண்டு.

கணக்கிடுவதில் நடப்பது பெரும்பாலும் சோம்பல். உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுவதற்கான சதுரக் கட்டத்தைச் சாலையோரத்திலேயே போட்டுவிட்டு வந்தால், கிடைப்பது உண்ணிச்செடியும் கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று அழைக்கும் களையும்தான். இரண்டுமே அமெரிக்காவிலிருந்து வந்தவை. எங்கே போடுவது என்பதைக் கால்கள் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

இனங்களை எண்ணுவதோடு நிறுத்துவதும் போதாது. இரு கட்டங்களிலும் 10 இனங்கள், 100 செடிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் இனத்துக்குப் பத்துச் செடி. மற்றதில் ஒரே களை 91, மீதி ஒன்பதும் ஒவ்வொன்று. இனங்களின் எண்ணிக்கையோடு அவை எவ்வளவு சமமாகப் பகிர்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்து அளக்கும் ஷானன் குறியீட்டில் முதலாவது 2.30, இரண்டாவது சுமார் 0.50. வெறும் எண்ணிக்கையில் இரண்டும் சமம்!

மாசியில் போய் இலையற்ற தேக்கைப் “பட்டுப்போன மரம்” என்று குறித்தவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது இரு பருவங்களிலாவது அதே இடத்துக்குப் போக வேண்டும்.

சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஓர் இலையையும் கிள்ளக் கூடாது. வெளியே சேகரிக்கும் மாதிரிகளைச் செய்தித்தாளில் அழுத்தி, சாரல் காலமென்றால் தாளைத் தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பூவின் நிறம், மணம், பால் வந்ததா இல்லையா என்பதையெல்லாம் பறித்த இடத்திலேயே எழுதுங்கள். காய்ந்த தாளில் எல்லாமே பழுப்புதான்.