அமிர்தசரஸ் போகிறவர்களுக்கு

பொற்கோயிலுக்கு விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். எதிரே இருக்கும் அகால் தக்த் கட்டடத்திலிருந்து, சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பைப் பல்லக்கில் கொண்டுவருவதைப் பார்க்கலாம். நேரம் பருவத்துக்கேற்ப மாறும், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆணோ பெண்ணோ, தலையை மூடாமல் உள்ளே விடமாட்டார்கள். துணி இல்லாவிட்டால் வாசலிலேயே கிடைக்கும். செருப்பு வைக்கக் காசு கிடையாது. சாக்ஸையும் கழற்றிவிடுங்கள், தண்ணீரில் கால் நனைத்துத்தான் நுழைய வேண்டும்.

கோயிலின் பொதுச் சமையல்கூடமான லங்கரில் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்குங்கள், தட்டில் மீதி வைக்காதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், கூச்சம் வேண்டாம்.

வெளியே அமிர்தசரி குல்ச்சாவை (மசாலா அடைத்துச் சுட்ட ரொட்டி) விடாதீர்கள். வெண்ணெய் கொஞ்சம் அதிகம்தான். ஒன்றை இருவர் பங்கிட்டால் லஸ்ஸிக்கு இடமிருக்கும்.

அப்புறம் ஷாப்பிங். புல்காரி (பஞ்சாபிப் பூத்தையல்) துப்பட்டா வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்ததில் தையல் சற்று முன்பின்னாக இருக்கும், மெஷின் வேலை ஒரே சீராக இருக்கும். விலையில் நிறைய வித்தியாசம் உண்டு. தோல் ஜூத்தியை (பஞ்சாபிச் செருப்பு) கொஞ்சம் இறுக்கமாகவே எடுங்கள், போடப் போடத் தளர்ந்துவிடும்.