பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே ஃபங்ஷன் ஓடிடுதா?

பைத்தான்ல விண்டோ, பட்டன் எல்லாம் செய்யுற டிகின்டர் லைப்ரரில ஒரு பட்டன் வச்சு அதுல "கமாண்ட்=சேவ்()"னு எழுதி ரன் பண்ணிப் பாருங்க, பட்டன் உருவாகும்போதே சேவ் ஓடி முடிஞ்சிடும், அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணும் நடக்காது, எரரும் வராது. எரர் வராததுதான் ரொம்ப படுத்துற விஷயம், நான் முதல் தடவை மாட்டினப்போ ஒரு சாயங்காலம் முழுக்க சேவ் ஃபங்ஷனுக்குள்ளயே தப்பைத் தேடிட்டு இருந்தேன், தப்பு அங்க இல்லவே இல்ல.

காரணம் அந்த ப்ராக்கெட். ஃபங்ஷன் பேருக்குப் பின்னாடி () போட்டா பைத்தான் அதை அப்பவே ஓட்டிடும், ஓடி முடிச்சு அது ரிட்டர்ன் பண்றதுதான் கமாண்டுக்குப் போய் சேரும், ரிட்டர்ன் எழுதலன்னா வெறும் நன், அதாவது ஒண்ணுமில்ல. பட்டனுக்கு வேண்டியது ஃபங்ஷன், அதோட பதில் இல்ல. அதனால "கமாண்ட்=சேவ்", அவ்வளவுதான்.

ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பை, அதாவது ஆர்க்யுமென்ட் அனுப்பணும்னா? "கமாண்ட்=லாம்ப்டா: அழுத்து(5)"னு போடுங்க. லாம்ப்டாவே பேரில்லாம ஒரே வரில எழுதுற ஒரு ஃபங்ஷன், உள்ள இருக்கிற அழுத்து(5) க்ளிக் பண்ணும்போதுதான் ஓடும்.

இதை லூப்ல போடும்போதுதான் பெரிய சிக்கல் வரும். கால்குலேட்டருக்கு 0லேர்ந்து 9 வரைக்கும் பத்து பட்டன், ஃபார் லூப்ல ஒவ்வொண்ணுக்கும் "லாம்ப்டா: அழுத்து(எண்)"னு கொடுத்தா பட்டன் மேல எழுத்தெல்லாம் சரியா இருக்கும், ஆனா எதை அழுத்தினாலும் 9தான் வரும். ஏன்னா லாம்ப்டா அந்த மதிப்பை எடுத்து வச்சுக்கல, எண்ங்கிற பேரை மட்டும்தான் வச்சிருக்கு, நீங்க க்ளிக் பண்றப்பதான் போய்ப் பார்க்குது, அதுக்குள்ள லூப் முடிஞ்சு எண் 9ல நிக்குது. "லாம்ப்டா எண்=எண்: அழுத்து(எண்)"னு எழுதினா சரியாயிடும், டிஃபால்ட் மதிப்பு லாம்ப்டா உருவாகும்போதே பதிஞ்சிடும். இல்லன்னா பைத்தானோட ஃபங்டூல்ஸ் மாட்யூல்ல, ஃபங்ஷனையும் மதிப்பையும் முன்னாடியே சேர்த்து வைக்கிற பார்ஷியலை எடுத்து "பார்ஷியல்(அழுத்து, எண்)"னு கொடுங்க, எனக்கு இதுதான் பிடிக்கும், ஆறு மாசம் கழிச்சு படிச்சாலும் சட்டுனு புரியும்.

டிகின்டர் மாதிரியே இன்னொரு லைப்ரரியான பைக்யூட்டில எழுதுறவங்க இங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும், அங்க பட்டனை அழுத்தினா வர்ற க்ளிக்ட் சிக்னல் தானாவே ட்ரூ, ஃபால்ஸ்னு ஒரு மதிப்பை அனுப்பும், அது நேரா போய் உங்க எண்=எண் இடத்துல உட்கார்ந்துக்கும். முதல்ல அதை வாங்கிக்க ஒரு இடம் விடுங்க: "லாம்ப்டா _, எண்=எண்: அழுத்து(எண்)".

டிகின்டர்லயும் பட்டன், ஸ்கேல் மாதிரி எல்லா விட்ஜெட்டும் உங்க ஃபங்ஷனை ஒரே மாதிரி கூப்பிடாது. பட்டன் கமாண்ட் எதையும் அனுப்பாது, கீ, மவுஸோட ஃபங்ஷனை இணைக்கிற பைண்ட், என்ன நடந்துச்சுன்னு சொல்ற ஒரு ஈவென்ட்டை அனுப்பும், இழுத்து நகர்த்துற ஸ்கேல் மதிப்பை ஸ்ட்ரிங்கா அனுப்பும், நீங்கதான் ஃப்ளோட்டா மாத்திக்கணும். பட்டனுக்கும் என்டர் கீக்கும் ஒரே சேவ் வேணும்னா "டெஃப் சேவ்(ஈவென்ட்=நன்)"னு எழுதிட்டா ரெண்டுக்கும் ஒத்து வரும்.

இத்தனை மில்லிசெகண்ட் கழிச்சு ஒரு ஃபங்ஷனை ஓட்டச் சொல்ற டிகின்டரோட ஆஃப்டருக்கும் இதே கதைதான். டிக் ஃபங்ஷனுக்குள்ள "ஆஃப்டர்(1000, டிக்())"னு எழுதினா ஒரு செகண்ட் எல்லாம் காத்திருக்காது, தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டே போய் ரிகர்ஷன் எரர்ல விழும். "ஆஃப்டர்(1000, டிக்)"னு கொடுங்க, ஆர்க்யுமென்ட் வேணும்னா இங்க லாம்ப்டாகூட தேவையில்ல, "ஆஃப்டர்(1000, டிக், 5)"னு கமா போட்டு பின்னாடியே கொடுத்துடலாம்.